மானியம் தானம் அல்ல

தமிழ்ப்பள்ளிகளுக்கு அள்ளிக் கொடுத்தவர் சிறையில் இருக்கும்போது தமிழர்கள் வாய்மூடிக் கிடப்பது நன்றிகெட்டதனம் என்று ஓர் இதழ் எழுதியிருக்கிறது. மலேசியாவின் முன்னாள் பிரதமர் நஜிப்பைச் சொல்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லாமல் நம் இதழை அச்சுக்கு அனுப்ப மனம் வரவில்லை.

எஸ்ஆர்சி என்ற அரசு நிறுவனத்தின் பணம் தொடர்பான வழக்கில் 2020 ஜூலை 28 அன்று உயர்நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2022 ஆகஸ்ட் 23 அன்று கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த நிறுவனத்திலிருந்து அவர் கணக்குக்கு வந்தது 42 மில்லியன் ரிங்கிட். எஸ்ஆர்சிக்கு 4 பில்லியன் ரிங்கிட் கடன் கொடுத்ததோ அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதி. அந்தக் கடனுக்கு அரசு உத்தரவாதம் வழங்கியதில் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பதும் நிரூபணமான குற்றம். நம் பள்ளி ஆசிரியர்களும் அரசு ஊழியர்கள்தாம். அவர்களின் முதுமைக்காக வைத்த நிதி அது. தமிழ்ப்பள்ளிக்கு வந்த மானியமும் மக்கள் வரிப்பணம். இதில் யாருக்கு யார் நன்றி சொல்வது?

தாய்மொழிப் பள்ளிகள் அரசமைப்புக்கு முரணானவை அல்ல என்று 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றமும் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னபோது நாம் நீதியை வாழ்த்தினோம். நமக்குப் பிடித்த தீர்ப்பில் மட்டும் நீதி இருக்கும் என்று நம் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

அந்தப் பள்ளிகளின் இன்றைய நிலையையும் பார்ப்போம். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். கித்தாத் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சனம் பட்டணத்துக்குப் போனது, பள்ளி அங்கேயே நின்றுவிட்டது. 150 மாணவர்கூட இல்லாத பள்ளிகள் ஏராளம். சிலவற்றில் இரண்டு வகுப்புகள் ஒரே அறையில். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு, இந்தப் பக்கம் ஒரு வகுப்புக்கு வாய்ப்பாடு, அந்தப் பக்கம் மற்ற வகுப்புக்கு வாக்கியம். வெளியே சுவரில் அமைச்சர் பெயர் பொறித்த பளிங்குக்கல் மட்டும் பளபளக்கிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட அதே காலத்தில்தான், 1960-இல், சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்கள் எவரிடமும் கையேந்தவில்லை. பங்குதாரர்களாகக் கணக்குக் கேட்டார்கள். அந்தத் தலைமுறையை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்கிறது. அவர்களின் பேரப்பிள்ளைகளை மாலையும் பொன்னாடையும் வாங்கிக்கொண்டு காசோலைக்காகக் காத்திருக்கப் பழக்கியது நம் அரசியல். பள்ளிகளின் தேய்வில் அந்தப் பழக்கத்துக்கும் பங்குண்டு.

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் ஒதுக்கிய தொகை, வந்து சேர்ந்த தொகை, செலவு மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அதை உரக்க வாசியுங்கள். கொடுத்தவர் எந்தக் கட்சி என்று பார்க்காமல் கேள்வி கேளுங்கள்.