கோச்சிக் கவிதையும் சிலிப்பர் கட்டையும்

நமது சஞ்சிகைகளில் கோச்சியைப் பற்றி எழுதாத கவிஞர் குறைவு. கரிப்புகை, கூவல், யன்னலோரம், மாஹோ சந்தியில் குடித்த பிளேன்டீ எல்லாம் தவறாமல் வந்துவிடும். "அந்தக் காலத்துக் கோச்சி இனி வருமா?" என்ற பெருமூச்சோடு கவிதை முடியும். நானும் அப்படி எழுதியவன்தான். ஆகவே முதற் குற்றப்பத்திரிகை எனக்கே.

பழசு போய்விட்டதென்று அழுகிறோம். எங்கே போனது? 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த எம் 2 டீசல் எஞ்சின்கள் அரை நூற்றாண்டைக் கடந்தும் நம்மை இழுத்தன. அவற்றிலொன்று 'மனிடோபா' எனும் பெயர்கொண்ட 591ஆம் இலக்க எஞ்சின். 2004 டிசம்பர் 26இல் பெரலியவில் கடல் விழுங்கிய கோச்சியை இழுத்துச் சென்றது அதுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே மாண்டனர். அந்த எஞ்சினைத் திருத்தி மறுபடி தண்டவாளத்தில் ஏற்றினார்கள். யாருடைய பெருமூச்சாலும் அது ஏறவில்லை. எண்ணெய் படிந்த தொழிலாளர் கைகள்தான் ஏற்றின. அந்தக் கைகளைப் பற்றி நாம் எத்தனை கவிதை எழுதினோம்?

நவீனமயம் பேசுவோரின் கதையும் இதுதான். கவிஞருக்குப் பழைய பெட்டி, அமைச்சருக்குப் புதிய பெட்டி. இருவர் பார்வையும் பெட்டியைவிட்டுக் கீழே, தண்டவாளத்துக்கு இறங்குவதில்லை. களனிவெளிப் பாதையை 1990களில் அகலப் பாதையாக்கினார்கள். ஆனால் சின்னக் கோச்சிக்கென்று நூறு வருடங்களுக்கு முன் வெட்டிய வளைவுகளைப் பெரும்பாலும் நிமிர்த்தவில்லை. பெரிய கோச்சி அதில் ஊர்ந்துகொண்டுதான் போகிறது. கொழும்பு இலகு ரயிலுக்கு 2019இல் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2020இல் அரசாங்கம் திட்டத்தையே கைவிட்டது. மாலை போட்டுத் தொடங்குவதில் உள்ள அக்கறை பராமரிப்பதில் இல்லை. சிலிப்பர் கட்டை மாற்றுவதற்கு யாரும் நாடா வெட்டுவதில்லையே!

கிழக்குக்கு வருவோம். 1928இல் மட்டக்களப்புக்கு வந்த பாதை அங்கேயே நின்றுவிட்டது. கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ பொத்துவிலுக்கோ அது நீளவில்லை. ஆனாலும் அந்த ஊர்களிலிருந்து வரும் கவிதைகளிலும் அதே கரிப்புகை, அதே கூவல்! தன் ஊருக்கு ஒருநாளும் வராத கோச்சிக்காக ஏங்குகிறவர் யாருடைய ஏக்கத்தை இரவல் வாங்குகிறார்? பஸ்ஸில் மட்டக்களப்புக்கு வந்து, இரவுக் கோச்சியின் மூன்றாம் வகுப்பில் கால்கடுக்க நின்று, விடிய ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்த உம்மாவின் பயணம் அந்தக் கவிதைக்குள் ஏன் வரவில்லை?

அப்படியானால் பழசை நினைக்கவே கூடாதா என்று நண்பர்கள் கோபிக்கலாம். தாராளமாக நினையுங்கள். நினைவு ஒரு சாட்சியம். சாட்சி சொல்ல வந்தவர் கூண்டில் நின்று கண்ணீர் மட்டும் வடித்தால் வழக்கு தோற்றுப்போகும். எந்தப் பாதை எப்போது போட்டது, யார் பராமரித்தார்கள், எங்கே நின்றது, ஏன் நின்றது என்று நினைவு கணக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், நமது ஏக்கத்தையே சுற்றுலாப் பயணிக்கு டிக்கட் போட்டு விற்றுவிட்டு, நம்மை மிதிபலகையில் தொங்கவிடுவார்கள்.

அடுத்த இதழுக்குக் கோச்சிக் கவிதை அனுப்புவோருக்கு ஒரு வேண்டுகோள்: கரிப்புகை போதும். ஒரு சிலிப்பர் கட்டையையாவது அதில் வையுங்கள்.