இனிப்பு மாத்திரைக் கணக்கு

வத்தலக்குண்டு பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றபடியே திண்டுக்கல் ஆபீஸுக்கு வந்து போகிற அன்பரா நீங்கள்? ராத்திரி இரண்டு மணிக்குக் கெண்டைக்கால் சுண்டி இழுக்குமே! மறுநாள் பக்கத்து ஸீட்காரர் இலவச வைத்தியம் சொல்வார்: ''மேக் ஃபாஸ் ஸிக்ஸ் எக்ஸ் ஸார்... நாலு மாத்திரை, வெந்நீர்ல கரைச்சுக் குடிங்க. வலி பறந்துடும்!''

மேக் ஃபாஸ் என்றால் மெக்னீசியம் பாஸ்பேட். 1870-களில் ஜெர்மன் டாக்டர் ஷூஸ்லர் ஆரம்பித்து வைத்த பயோகெமிக் வைத்தியத்தின் 12 உப்புகளில் ஒன்று.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். ஒரு பங்கு உப்போடு ஒன்பது பங்கு பால் சர்க்கரை சேர்த்து அரைக்கணும். அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி ஒன்பது பங்கு சர்க்கரை... இப்படி ஆறு தடவை செய்தால் ஸிக்ஸ் எக்ஸ். அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நூறு கிலோ மூட்டையாகப் பத்து மூட்டை சர்க்கரை. அதில் ஒரே ஒரு கிராம் உப்பு!

நம்ம ஊர் சிறுமலைப் பழம் ஒன்றில், நாலு மாத்திரையில் இருப்பதைப்போலப் பல்லாயிரம் மடங்கு மெக்னீசியம் இருக்கிறது. அதற்காகப் பழம் தின்றால் பிடிப்பு விட்டுவிடும் என்று சொல்ல வரவில்லை.

''எனக்குக் கேட்டுச்சே?'' என்பீர்கள். கெண்டைக்கால் பிடிப்பு பெரும்பாலும் சில நிமிஷத்தில் தானாகவே விடும். வெந்நீர் போட்டு, மாத்திரை கரைத்து, ஊதி ஊதிக் குடிப்பதற்குள் வலி போயிருக்கும். பேர் மாத்திரைக்கு! பாதத்தை முழங்கால் பக்கம் இழுத்துப் பிடித்தால் இன்னும் சீக்கிரம் விடும். செலவும் இல்லை.

இந்த உப்புக்குப் பல அவதாரம். பாஸ்பாரிக் அமிலத்தின் மூன்று ஹைட்ரஜனில் இரண்டு மிஞ்சினால் தண்ணீரில் சுலபமாகக் கரையும். ஒன்று மிஞ்சினால் கொஞ்சமாகக் கரையும். ஒன்றுமே மிஞ்சாவிட்டால் கரைய முரண்டு பிடிக்கும். அம்மோனியாவோடு கூட்டணி வைத்தால்... ஸ்ட்ரூவைட். கிட்னிக் கல்லில் ஒரு ஜாதி!

சிறுநீரில் சில வகைக் கிருமிகள் புகுந்து, யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும்போது இந்தக் கல் உண்டாகிறது. மான் கொம்பு மாதிரி கிளைவிட்டு கிட்னியையே அடைத்துக்கொள்ளும். சில பேருக்கு ரொம்ப நாள் வலியே தெரியாது.

எனவே, கெண்டைக்கால் இழுத்தால் பக்கத்து ஸீட் வைத்தியம் கேளுங்கள், தப்பில்லை. இடுப்பு வலியோடு குளிர் ஜுரமும் வந்தால் வெந்நீர் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடியுங்கள். அங்கே பத்து லட்சத்தில் ஒரு பங்கு வைத்தியம் எடுபடாது ஸார்!