அடிக்காமலே ஜெயிக்கும் டெக்... எதிராளிக்குப் பூட்டுப் போடுவது எப்படி?

ஆடு புலி ஆட்டத்தில் ஆடுகளால் புலியை வெட்ட முடியாது. புலிதான் தாண்டித் தாண்டி ஆடுகளை வெட்டும். ஆனாலும் ஆடு வைத்திருப்பவர் ஜெயிப்பது உண்டு. எப்படி? 3 புலிகளுக்கும் நகர இடமில்லாமல் சுற்றி அடைத்துவிடுவார். புலிமேல் ஓர் அடிகூட விழாது. ஆட்டம் முடிந்துவிடும்.

இதே யோசனையை ஒரு கார்டு கட்டுக்குள் கொண்டுவந்தால் அதற்குப் பெயர் 'லாக் டெக்'. சிலர் 'பிரிசன் டெக்' என்பார்கள். டிரேடிங் கார்டு கேம் எதுவானாலும் இந்த வகை டெக் இருக்கும். யூ-கி-ஓவில் 'கிராவிட்டி பைண்ட்' என்ற கார்டு, லெவல் 4-ம் அதற்கு மேலும் உள்ள மான்ஸ்டர்களைத் தாக்க விடாது. போகிமானில் 'பிளாக்' திறமை கொண்ட ஸ்நார்லாக்ஸ், எதிராளியின் முன்வரிசைப் போகிமானைப் பின்வாங்க விடாமல் நிறுத்தும்.

இந்தக் கலையின் தாய்வீடு என்றால் 'மேஜிக்: தி கேதரிங்'தான். கணிதம் படித்த ரிச்சர்டு கார்ஃபீல்டு உருவாக்கி, 1993-ல் அமெரிக்காவில் வெளியான ஆட்டம் இது. அதில் மிகவும் பேர்போன பூட்டு 'லான்டர்ன் கன்ட்ரோல்'. இந்த டெக்கை வைத்து 2015-ல் ஓக்லஹோமா சிட்டி கிராண்ட் பிரீயை ஜெயித்தார் ஸாக் எல்சிக். 2018 பிப்ரவரியில் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் நடந்த புரோ டூரையே இதை வைத்து ஜெயித்தார் அர்ஜென்டினாவின் லூயிஸ் சல்வாட்டோ.

ஆட்டம் 1 நிமிடத்தில்

ஒருவர் டெக்கில் குறைந்தது 60 கார்டுகள். அடிப்படை நிலங்களைத் தவிர, ஒரே கார்டு 4-க்கு மேல் கூடாது. ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப் புள்ளிகள். நிலக் கார்டுகள் 'மனா' என்ற சக்தியைத் தரும். அதைச் செலவழித்து கிரியேச்சர்களை இறக்கி, எதிராளியின் புள்ளியை பூஜ்யமாக்குவதுதான் வழக்கமான பாதை.

இன்னொரு பாதையும் உண்டு. தன் முறையில் ஒவ்வொருவரும் கட்டிலிருந்து ஒரு கார்டு எடுக்க வேண்டும். எடுக்கக் கார்டு இல்லையென்றால் தோல்வி. லாக் டெக் நம்பியிருப்பது இந்தப் பாதையை. எதிராளியை அடிக்க வேண்டாம். அவர் கட்டு தீரும்வரை அவரால் உங்களை அடிக்க முடியாமல் இருந்தால் போதும்.

பூட்டின் 3 பாகங்கள்

முதலாவது, கண். 'லான்டர்ன் ஆஃப் இன்சைட்' களத்தில் இருந்தால், இருவருடைய கட்டிலும் மேலே இருக்கும் கார்டு திறந்தே இருக்கும். எதிராளி அடுத்து எதை எடுக்கப்போகிறார் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

இரண்டாவது, கை. 'கோடெக்ஸ் ஷ்ரெடர்' கார்டை ஒருமுறை சாய்த்தால், கட்டின் மேல் கார்டு குப்பைக்குப் போகும். அடுத்து வருவது ஆபத்து என்று தெரிந்தால், எதிராளி அதை எடுக்கும் முன்பே தள்ளிவிடலாம்.

மூன்றாவது, கதவு. 'என்ஸ்னேரிங் பிரிட்ஜ்' இருந்தால், உங்கள் கையில் எத்தனை கார்டு இருக்கிறதோ, அதைவிட அதிக பவர் கொண்ட கிரியேச்சர் எதுவும் தாக்க முடியாது. உங்கள் கை காலியாக இருந்தால்? பவர் 1 உள்ள எலிகூட உங்கள்மேல் பாய முடியாது. அதனால்தான் இந்த டெக்கில் பெரும்பாலான கார்டுகள் 1 மனா விலையில் இருக்கும். வந்ததும் இறக்கி, கையைக் காலி செய்துவிடலாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

எதிராளியின் கட்டில் நான்கில் ஒரு கார்டு உங்களுக்கு ஆபத்து என்று வைத்துக்கொள்வோம். ஷ்ரெடர் இல்லையென்றால், அவர் அதை எடுக்கும் வாய்ப்பு 4-ல் 1. ஒரு ஷ்ரெடர் இருந்தால், அடுத்தடுத்து 2 கார்டுகள் ஆபத்தாக அமைந்தால்தான் ஒன்று அவர் கைக்குப் போகும். வாய்ப்பு கிட்டத்தட்ட 16-ல் 1. இரண்டு ஷ்ரெடர் என்றால் 64-ல் 1. மூன்று என்றால் 256-ல் 1.

ஒரு சின்னக் கார்டு கூடும்போது பூட்டு 4 மடங்கு இறுகுகிறது. ஆனால், கட்டில் பாதிக் கார்டுகள் உங்களுக்கு ஆபத்து என்றால், 3 ஷ்ரெடர் இருந்தும் 16-ல் 1 வாய்ப்பு அவருக்கு இருக்கும். ஆகவே ஷ்ரெடரைச் சேர்ப்பதோடு வேலை முடியாது. எதிராளியின் கார்டுகளில் எத்தனை உங்களுக்கு உண்மையில் ஆபத்து என்ற எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பிரிட்ஜ் செய்வது அந்த வேலையைத்தான். அது இறங்கிய நொடியில், எதிராளியின் கிரியேச்சர்களில் பெரும்பாலானவை வெறும் அட்டையாகிவிடும்.

எந்த வரிசையில் அடுக்குவது?

லான்டர்ன் 4, ஷ்ரெடர் 4 என்று தொடங்குங்கள். ஷ்ரெடர் போலவே வேலை செய்யும் 'கூல்காலர்ஸ் பெல்' போன்றவற்றைச் சேருங்கள். பெல் இருவர் கட்டிலும் ஒரு கார்டைத் தள்ளும் என்பதை மறக்கக் கூடாது. பிரிட்ஜ் 3 அல்லது 4. அதைத் தேடி எடுக்க 'விர் ஆஃப் இன்வென்ஷன்'.

எதிராளியின் கையில் ஏற்கெனவே இருக்கும் கார்டுகளை லான்டர்னால் தடுக்க முடியாது. அதற்கு 'தாட்சீஸ்', 'இன்குவிசிஷன் ஆஃப் கோஸிலெக்' வேண்டும். 1 மனா கொடுத்து எதிராளியின் கையைப் பார்த்து, ஆபத்தான கார்டு ஒன்றைக் கழற்றிவிடலாம். தாட்சீஸுக்கு உங்கள் உயிர்ப் புள்ளியில் 2 போகும். பூட்டுக்கான கூலி அது.

வீட்டில் பழகுவதற்குக் காசு செலவழித்துக் கார்டு வாங்க வேண்டியதில்லை. சாதாரணச் சீட்டுக்கட்டின்மேல் பேப்பர் ஒட்டிப் பெயர் எழுதிக்கொண்டால் போதும். போட்டிக்குப் போனால் மட்டும் அசல் கார்டுகள் கட்டாயம்.

புதியவர்கள் செய்யும் தவறு

கட்டின்மேல் பவர் 10 உள்ள ராட்சத கிரியேச்சர் தெரிகிறது. பயந்துபோய் ஷ்ரெடரைச் சாய்த்துவிடுவார்கள். அடுத்து மேலே வருவது, பிரிட்ஜை உடைக்கும் சாதாரண 2 மனா கார்டு. தள்ள ஷ்ரெடர் மிச்சமில்லை. ராட்சதனைத் தடுத்தவர், சுத்தியலிடம் தோற்றுப்போவார்.

பிரிட்ஜ் இருக்கும்போது ராட்சதன் வந்தால் வரட்டும். வாசலில் நிற்கத்தான் முடியும். ஒவ்வொரு கார்டிடமும் கேட்க வேண்டிய கேள்வி, 'இது பெரியதா?' என்பதல்ல. 'இது என் பூட்டை உடைக்குமா?' என்பதுதான். எல்லாவற்றையும் தடுக்க நினைப்பவருக்கு எதையும் தடுக்க முடியாது.

அனுபவசாலி எதிராளி இன்னொன்றும் செய்வார். கட்டைக் கலைக்க உதவும் நிலக் கார்டை வைத்துக்கொண்டு காத்திருப்பார். நீங்கள் எல்லா ஷ்ரெடர்களையும் சாய்த்த பிறகு கட்டைக் கலைத்துப் புது கார்டு எடுப்பார். அந்த நிலத்தின் பெயரைச் சொல்லி முடக்க 'பிதிங் நீடில்' ஒன்றிரண்டு டெக்கில் இருக்கட்டும்.

கடிகாரம் என்னும் மூன்றாவது ஆட்டக்காரர்

போட்டிகளில் ஒரு சுற்றுக்கு வழக்கமாக 50 நிமிடம். அதற்குள் மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். கட்டு தீரும்வரை காத்திருக்கும் டெக்குக்கு இது பெரிய சோதனை. மெதுவாக ஆடினால் நடுவர் எச்சரிக்கலாம். வேண்டுமென்றே நேரம் கடத்தினால் தகுதி நீக்கம். எனவே, வேகமாக யோசிக்கப் பழகாதவர் லாக் டெக்கைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஓட்டையில்லாத பூட்டு

2019-ல் வேறொரு பூட்டு பிரபலமானது. 'மைகோசின்த் லாட்டிஸ்' களத்தில் உள்ள எல்லாவற்றையும், நிலங்கள் உட்பட, ஆர்ட்டிஃபாக்ட் ஆக்கிவிடும். 'கார்ன், தி கிரேட் கிரியேட்டர்' எதிராளியின் ஆர்ட்டிஃபாக்ட்களைச் செயல்பட விடாது. இரண்டும் சேர்ந்தால், எதிராளியின் நிலம் மனா தராது. கை நிறைய கார்டு இருந்தும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 2020 ஜனவரியில், 'மாடர்ன்' வகைப் போட்டிகளில் லாட்டிஸ் தடை செய்யப்பட்டது. அதே அறிவிப்பில், லான்டர்ன் டெக்குக்கு வேகம் கொடுத்துவந்த 'மாக்ஸ் ஓபல்' கார்டும் தடையானது.

இரண்டு பூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். லான்டர்னில் எதிராளிக்கு 256-ல் 1 என்றாலும் ஒரு வழி உண்டு. எப்போது கட்டைக் கலைப்பது, எந்தக் கார்டைக் கையில் பதுக்குவது என்று கடைசிவரை யோசிக்கலாம். மற்றதில் யோசிக்கவே எதுவுமில்லை.

எதிரே உட்கார்ந்திருப்பவர் யார்?

போட்டியில் எதிரே இருப்பவர் தயாராகி வந்தவர். வீட்டில் அப்படியல்ல. அண்ணன் பூட்டுப் போடுகிறான். தங்கை 20 நிமிடமாகக் கார்டை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறாள். அண்ணன் ஜெயித்துவிட்டான், சரி. நாளைக்கு 'வா, ஆடலாம்' என்றால் வருவாளா? விளையாட ஆளில்லாதவனுக்கு எவ்வளவு நல்ல டெக் இருந்து என்ன பயன்?

அதனால், ஆடும் முன்பே 'இது பூட்டு டெக்' என்று சொல்லிவிடுங்கள். பூட்டு முழுதாக விழுந்ததும், 'இனி தப்பிக்க உன்னிடம் என்ன கார்டு இருக்கிறது?' என்று கேளுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அத்தோடு ஆட்டத்தை முடித்துக்கொள்ளலாம். எந்த நேரத்திலும் ஆட்டத்தை விட்டுக்கொடுக்க விதியே இடம் தருகிறது. இருந்தால், அந்தக் கார்டு வரும்வரை ஆடட்டும்.

அடுத்த ஆட்டத்துக்கு டெக்குகளை மாற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்காருங்கள். உங்கள் பூட்டில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பது அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும். அதைத் தங்கை உங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தாலும் ஆச்சர்யமில்லை.