லண்டன் படிப்புக்கு ஒரு சாகுபடிக் கணக்கு

சம்பா அறுவடை முடியுற நேரம் இது. கொள்முதல் நிலையத்துல மூட்டையைப் போட்டுட்டு, பணம் எப்ப ஏறும்னு பாஸ்புக்கையும் போனையும் பாத்துக்கிட்டு இருக்கோம். எங்க டெல்டா கிராமங்கள்ல இதே நேரத்துல இன்னொரு பேச்சும் ஓடும். "வர்ற செப்டம்பருக்குப் பையனை லண்டன் அனுப்பலாம்னு இருக்கோம்."

எங்க பக்கம் இங்கிலாந்துன்னாலே லண்டன்தான். லீட்ஸும் லண்டன், கோவென்ட்ரியும் லண்டன், ஷெஃபீல்டும் லண்டன். முன்னாடி பிள்ளைங்க சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போனாங்க. இப்ப இங்கிலாந்துக்குப் படிக்கப் போறாங்க. எங்க ஊரைச் சுத்தி எனக்கு நேரடியாத் தெரிஞ்சே அஞ்சாறு வீட்டுல போயிருக்காங்க. என் அக்கா மகனும் அதுல ஒருத்தன்.

நான் போக வேண்டாம்னு சொல்ற ஆள் இல்லை. ஆனா ஒரு ஏக்கர் நடவுக்கு விதை எவ்வளவு, உழவு எவ்வளவு, டிஏபி எவ்வளவு, அறுவடை மெஷின் வாடகை எவ்வளவுன்னு நோட்டுல எழுதிப் பார்க்கிற நாங்க, இந்த விஷயத்துல மட்டும் ஒரு வரி கூட எழுதிப் பார்க்கிறதில்லை. பட்டணத்துல இருக்கிற சொந்தக்காரர்களான உங்களுக்குத்தான் போன் போட்டு, "தம்பி, அனுப்பலாமா?"ன்னு கேக்குறோம். நீங்களும் "நல்ல விஷயம்தானே, அனுப்புங்க"ன்னு சொல்லிட்டு வச்சிடுறீங்க. அதனால அந்தக் கணக்கை நானே எழுதிப் பார்த்தேன். அடுத்த தடவை யாராவது கேட்டா இதைச் சொல்லுங்க.

பவுண்டுக்கு 120 ரூபாய்னு வச்சுக்குவோம். எங்க பிள்ளைங்க போறது பெரும்பாலும் ஒரு வருஷ மாஸ்டர்ஸ். கல்லூரிக் கட்டணம் 15,000 பவுண்டுல ஆரம்பிச்சு 25,000-க்கும் மேல போகுது. குறைவாவே 16,000-னு போடுங்க, 19 லட்சத்துச் சொச்சம். விசாவுக்கு 2025 கட்டணப்படி 524 பவுண்டு. அதோட அந்த ஊர் ஆஸ்பத்திரி வசதிக்குன்னு முன்கூட்டியே கட்டுற பணம் 1,164 பவுண்டு. இது ரெண்டும் சேர்ந்து 2 லட்சம். அப்புறம் சாப்பாடு, வாடகைச் செலவுக்குக் கையில பணம் இருக்குன்னு காட்டணும். லண்டனுக்கு வெளியேன்னா மாசம் 1,171 பவுண்டு, 9 மாசத்துக்கு. 12.6 லட்சம் ஆகுது. மொத்தம் 34 லட்சம் ரூபாய். விமான டிக்கெட், ஜெர்கின், ஏஜெண்டு பீஸ் எல்லாம் இதுல வராது.

இந்தப் பணம் 28 நாள் பேங்க்ல அசையாம இருக்கணும்னு விதி. அதுக்காக வட்டிக்கு வாங்கி அக்கவுண்டுல போட்டுக் காட்டிட்டு, விசா வந்ததும் எடுத்துக் கொடுக்கிற வழக்கமும் இருக்கு. அப்படிப் போற பையன் கையில நிஜமாவே ஒண்ணும் இல்லாமத்தான் ஃபிளைட் ஏறுறான்.

"அதான் பார்ட் டைம் வேலை பாப்பானே"ன்னு கேப்பீங்க. எல்லாரும் விழுற இடம் இதுதான். படிக்கிற விசாவுல கல்லூரி நடக்கிற நாட்கள்ல வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 2025-26-ல குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. மாசத்துக்குச் சராசரியா 1,058 பவுண்டு வரும். நம்ம காசுல ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல! இந்த எண்ணைக் கேட்ட உடனே எங்க ஊர்ல கண்ணு விரியுது. ஆனா ஒரு மாசம் உயிர் வாழத் தேவைன்னு அந்த அரசாங்கமே சொல்ற தொகை 1,171. 2026 ஏப்ரல்ல கூலி 12.71 ஆனாலும் 1,101-தான் வருது. அதாவது, வாரம் தவறாம 20 மணி நேரம் வேலை கிடைச்சாலும் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே இழுத்துக்க பறிச்சுக்க. கடனுக்கு ஒரு பைசா மிஞ்சாது. கோடை லீவுல முழு நேரம் வேலை பாக்கலாம்னு ஏஜெண்டு சொல்வாங்க. மாஸ்டர்ஸ் படிக்கிறவங்களுக்குக் கோடைக்காலம் பொதுவா லீவே இல்லை, ஆய்வறிக்கை எழுதுற காலம். அப்பவும் 20 மணி நேரம்தான்.

இந்தக் கணக்கு இடிக்கிறதாலதான் பிள்ளைங்க தப்பு வழிக்குத் தள்ளப்படுறாங்க. 20 மணி நேரம் சம்பளச் சீட்டுல, மீதி கையில காசா. அந்தக் கைக்காசு மணிக்கு ஆறோ ஏழோதான். கொடுக்கிற முதலாளி பல நேரம் நம்ம நாட்டுக்காரரே. சாப்பாடு டெலிவரி செயலியில வேற ஒருத்தர் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுறதும் நடக்குது. சுயதொழிலுக்கே மாணவர் விசாவுல அனுமதி கிடையாது. மாட்டினா விசா போயிடும். 34 லட்சமும் ஒரே நாள்ல வெள்ளத்துல போன நெல்லு மாதிரிதான்.

சரி, படிப்பு எப்படி இருக்கும்? இதை யாரும் கேக்குறதே இல்லை. வாரத்துக்கு மூணு நாள், நாலு நாள்தான் வகுப்பு. "சும்மாதானே இருக்கான்"னு இங்க நினைப்பு. மீதி நேரம் பூரா அவனே படிக்கணும். ஒரு பாடத்துக்கு 3,000 சொல்லுல கட்டுரை. புத்தகத்துல இருக்கிறதை அப்படியே எழுதினா இங்க மார்க்கு. அங்க அதுக்குப் பேரு திருட்டு. எங்கிருந்து எடுத்தோம்னு ஒவ்வொரு வரிக்கும் கணக்குச் சொல்லணும், விசாரணைக்கே கூப்பிடுவாங்க. இங்க 85 மார்க் வாங்கினவன் அங்க 58 வாங்கிட்டு ராத்திரி அழுவான். அங்க 50 எடுத்தா பாஸ், 70 எடுத்தாலே டிஸ்டிங்ஷன்னு புரியறதுக்குள்ள முதல் பருவம் முடிஞ்சிடும்.

ஆனா அங்க கிடைக்கிற நல்லதையும் சொல்லணும். வாத்தியாரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம். நம்ம பிள்ளைங்களுக்கு "சார்" வாயை விட்டுப் போக நாளாகுது. "எனக்குத் தெரியலை, பாத்துச் சொல்றேன்"னு பேராசிரியரே சொல்வாராம். "நீங்க சொல்றது சரியில்லை"ன்னு மாணவன் எழுதலாம், காரணம் காட்டினா மார்க்கும் உண்டு. என் அக்கா மகன், "மாமா, 16 வருஷம் படிச்சதுல முதல் தடவையா என் கருத்து என்னன்னு ஒருத்தர் கேட்டாங்க"ன்னு சொன்னான். அதுக்கு விலை போட முடியாது. ஆனா வாரம் 20 மணி நேரம் பாத்திரம் கழுவிட்டு, அதுக்கு மேலயும் திருட்டுத்தனமா உழைக்கிறவனுக்கு இதை அனுபவிக்க நேரம் ஏது? எதுக்காக 34 லட்சம் கொடுத்தோமோ அந்தப் பொருளையே வாங்காம திரும்பி வர்றான்.

வீட்டு விஷயம். ஆறு பேர் ஒரே வீட்டுல. ஒரு சமையலறை, ஃபிரிட்ஜுல ஆளுக்கு ஒரு தட்டு. கடுகு தாளிச்சா புகை அலாரம் அடிச்சு வீடே வெளியில வந்து நிக்கும். உள்ளூர்ல ஜாமீன் போட ஆள் இல்லைன்னா, மாசக்கணக்கு வாடகையை முன்கூட்டியே கேட்ட வீட்டுக்காரங்க உண்டு. டிசம்பர் மாசம் அந்த வடக்குப் பக்க ஊர்கள்ல சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் அஸ்தமிச்சிடும். ஹீட்டர் போட்டா பில்லு, போடலைன்னா சுவர்ல பூஞ்சை. ராத்திரி எட்டு மணிக்கு மேல சூப்பர் மார்க்கெட்டுல மஞ்சள் சீட்டு ஒட்டி விலை குறைச்ச ரொட்டிக்குக் காத்திருப்பாங்க. லண்டன்ல ஈஸ்ட் ஹாம் பக்கம் இருந்தா முருகன் கோயிலும், புழுங்கல் அரிசி விக்கிற தமிழ்க் கடையும் நடந்து போற தூரம். மத்த ஊர்கள்ல அந்தக் கொடுப்பினை எல்லாருக்கும் வாய்க்காது.

இதெல்லாம் தாங்கிக்கலாம். இளவயசு. அதை விடப் பெரிய கஷ்டம், உண்மையைச் சொல்ல முடியாததுதான்னு எனக்குப் படுது. அங்கிருந்து வீடியோ கால்ல வர்றப்ப சுத்தமான சட்டை, பின்னாடி அழகான கட்டிடம். இங்கிருந்து பேசுறப்ப, "இந்த வருஷம் நெல்லு நல்லா வந்துச்சு, நீ கவலைப்படாதே." ரெண்டு பக்கமும் பாசத்துலதான் மறைக்கிறாங்க. முதியோர் இல்லத்துல வயசானவங்களைக் குளிப்பாட்டி விடுறான்னு வெளியில சொல்ல அப்பாவுக்கு வெக்கம். "கம்பெனியில இருக்கான்"னு சொல்வார். இதுல வெக்கப்பட என்ன இருக்கு? அந்த ஊர்ப் பிள்ளைங்களும் படிக்கிறப்ப ஹோட்டல்ல தட்டு எடுக்கிறாங்க. வீட்டுல சாப்பிட்ட தட்டைக் கூட எடுத்து வைக்காத எங்க பையன்கள், அங்க போய் சமைச்சு, துவைச்சு, கழிவறை கழுவக் கத்துக்கிறாங்க. அந்தப் படிப்புக்கே நான் பாதி மார்க் போடுவேன். ஆனா அந்த வெக்கத்தால உண்மை ஊருக்குள்ள வராமப் போகுது. அடுத்த வீட்டுக்காரர் அந்தச் சட்டையையும் கட்டிடத்தையும் பார்த்துத்தான் தன் நிலத்துப் பத்திரத்தைத் தேடுறார்.

"படிப்பு முடிஞ்சா அங்கேயே வேலை கிடைச்சிடும், கடனை அடைச்சிடலாம்." இது அடுத்த நம்பிக்கை. மேட்டூர் அணை ஜூன் 12-ல திறக்கும்னு நம்பி நாத்து விட்டு, தண்ணி வராமப் போன வருஷங்களை நாங்க பார்த்திருக்கோம். இங்கிலாந்து விதிகள் அதை விட மோசமா மாறுது. படிப்புக்கு அப்புறம் வேலை தேடித் தங்குற விசாவை 2012-ல மூடினாங்க. 2021 ஜூலையில ரெண்டு வருஷம்னு திறந்தாங்க. 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிக்கிறவங்களுக்கு அதை 18 மாசமாக் குறைக்கிறாங்க. இந்த செப்டம்பர்ல போறவன் படிப்பு முடிக்கிறதே 2027-ல. அவனுக்கு 18 மாசம்தான். 2024 ஜனவரியிலிருந்து இந்த மாதிரி மாஸ்டர்ஸ் படிக்கிறவங்க மனைவியையோ கணவனையோ கூட்டிப் போகவும் முடியாது.

அந்த 18 மாசத்துக்குள்ள விசா கொடுக்கிற முதலாளி கிடைக்கணும். அதுக்குப் பொதுவா வருஷம் 41,700 பவுண்டு சம்பளம் வேணும். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்குச் சலுகையா 33,400. அந்த 12.21 பவுண்டு கூலியில வாரம் 40 மணி நேரம் வேலை பார்த்தா வருஷத்துக்குக் கிடைக்கிறது சுமார் 25,400 பவுண்டு. இந்த இடைவெளியைத் தாண்டுற திறமைசாலிங்க இருக்காங்க. எல்லாரும் தாண்டுவாங்கன்னு விளம்பரப் பலகையிலதான் எழுதியிருக்கு.

பல்கலைக்கழகங்களைப் பத்தியும் ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இங்கிலாந்துப் பிள்ளைங்க இளநிலைக் கட்டணத்துக்கு அரசாங்க உச்சவரம்பு உண்டு, 2025-26 கல்வியாண்டுல 9,535 பவுண்டு. வெளிநாட்டுப் பிள்ளைங்க கட்டணத்துக்கு வரம்பே இல்லை. பல இடங்கள்ல நிர்வாகம் ஓடுறதே அந்தப் பணத்துல. நம்ம ஊர் ஏஜெண்டுக்கு ஆள் ஒண்ணுக்குக் கமிஷன் வர்றதும் அங்கிருந்துதான். புரோக்கர் சொல்ற விலையை நம்பி நாம மாடு வாங்குறதில்லை. பிள்ளை படிப்புக்கு மட்டும் அவர் வாக்கு வேத வாக்கு!

இப்ப எங்க பக்கத்துக் கணக்கு. 2025-26 பருவத்துல சன்ன நெல் குவிண்டால் 2,545 ரூபாய். ஏக்கருக்கு 22 குவிண்டால் கண்டா 56,000. செலவு 35,000 போக 21,000 நிக்கும், மழை மனசு வச்சா. 25 லட்சம் கடனுக்கு 11 வட்டின்னா வருஷ வட்டி மட்டும் 2,75,000. பதிமூணு ஏக்கர் சம்பாவோட லாபம் வெறும் வட்டிக்கு. எங்க ஊர்ல பதிமூணு ஏக்கர் வச்சிருக்கிறவங்க எத்தனை பேர்? இதுல இன்னொரு சிக்கல். 2002-ல வந்த சர்ஃபேசி சட்டத்துல விவசாய நிலத்துக்கு விலக்கு இருக்கு, பேங்க் சுலபமா ஜப்தி பண்ண முடியாது. அது நமக்குப் பாதுகாப்புத்தான். ஆனா அதனாலேயே பெரிய கல்விக் கடனுக்கு வயலை ஈடா எடுத்துக்க பேங்க் தயங்கும், வீடோ மனையோ கேக்கும். வயல் மட்டும் இருக்கிறவர் தனியார் வட்டிக்குப் போறார், இல்லைன்னா நிலத்தையே கிரயம் பண்ணிடுறார்.

அதனால யாராவது உங்களைக் கேட்டா, ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேளுங்க. "அங்க வேலை கிடைக்காமப் பையன் திரும்பி வந்தா, சென்னையில கிடைக்கிற சம்பளத்துல இந்தக் கடனை அடைக்க முடியுமா?" 25 லட்சத்துக்குப் பத்து வருஷத் தவணை மாசம் 34,000 ரூபாய்க்கு மேல. முடியும்னா தைரியமா அனுப்பட்டும். முடியாதுன்னா ரெண்டு வருஷம் இங்க வேலை பார்த்து, அனுபவத்தோட உதவித்தொகைக்கு முயற்சி பண்ணட்டும். பிரிட்டிஷ் அரசோட செவனிங், காமன்வெல்த் உதவித்தொகைகள் இருக்கு. மத்திய அரசோட தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில பட்டியல் சாதி மாணவர்களோட, நிலமில்லாத விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைங்களும் விண்ணப்பிக்கலாம். இடங்கள் ரொம்பக் கம்மிதான். ஆனா அப்படி ஒண்ணு இருக்குங்கிறதே எங்க ஊர் டீக்கடை வரைக்கும் வரலை. ஏஜெண்டு நோட்டீஸ் மட்டும் வந்துடுச்சு.

ஆங்கிலத்துல இருக்கிற அந்த விண்ணப்பத்தைப் படிச்சு, கூட உக்காந்து நிரப்பிக் கொடுக்க உங்களால முடியும். "அனுப்புங்க"ன்னு சொல்றதுக்கு அரை நிமிஷம் போதும், இதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ஆகும். பிள்ளை படிக்கணும், வயலும் இருக்கணும்னு நினைக்கிற ஒரு வீட்டுக்கு அந்த ஒரு ஞாயித்துக்கிழமையைக் கொடுங்க.