மன்றம் மாலைக்கா, மானத்திற்கா?

நம் உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் மன்றங்கள் இல்லாமல் இல்லை. ‘இலக்கிய மன்றம்’ என்று பெயர்ப்பலகை தொங்குகிறது. தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, பதிவேடு உண்டு. தொடக்க விழா உண்டு, நிறைவு விழா உண்டு. இடையிலே என்ன உண்டு என்று கேட்டால்தான் விடை வருவதில்லை!

ஆசிரியர் எழுதித் தருகிறார், மாணவன் உருப்போடுகிறான், மேடையிலே கொட்டுகிறான், கைதட்டல் பெறுகிறான், இறங்கியதும் மறக்கிறான். ‘ஆன்றோரே, சான்றோரே’ என்று தொடங்கி ‘நன்றி, வணக்கம்’ என்று முடியும் அந்த ஐந்து நிமிடத்தில் அவனுடைய சொந்த வாக்கியம் ஒன்றேனும் உண்டா? இரவல் நாவுக்கு எதற்குப் பரிசுக் கோப்பை? வாழ்க தமிழ் என்று வாய் முழங்குகிறது. அந்தத் தமிழில் ஒரு கேள்வி கேட்க நெஞ்சு நடுங்குகிறது. இதுவா மொழிப்பற்று?

அடுத்த அறையிலே சமூக அறிவியல் வகுப்பு நடக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது, அடிக்கோடிடு! முக்கிய வினா, மனப்பாடம் செய்! அவ்வளவுதான், தீண்டாமை ஒழிந்தது; ஏட்டிலே!

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைப் பாருங்கள். அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண், செய்முறை 25 மதிப்பெண். சமூக அறிவியலுக்கோ நூறும் எழுத்துக்கே. அமிலத்தைக் கையாளப் பழகுவதற்கு மாணவனுக்குச் சோதனைக் குழாய் தருகிறோம். அமிலத்தினும் கொடிதாய் மனிதனை அரிக்கும் சாதியைக் கையாள அவனுக்கு எதைத் தருகிறோம்? வினா விடைச் சுருக்கத்தை!

நாம் சொல்வது இதுதான்: மன்றமே சமூக அறிவியலின் செய்முறைக்கூடம் ஆகவேண்டும். கருத்து இல்லாமல் மன்றம் காய்கிறது; நாக்கு இல்லாமல் வகுப்பு ஊமையாகிறது. இரண்டையும் பிரித்து வைத்தோம். இரண்டும் செத்துக் கிடக்கின்றன.

சான்று வேண்டுமா? ‘கற்பில் சிறந்தவள் கண்ணகியா, மாதவியா?’ என்று காலங்காலமாய்ப் பட்டிமன்றம் நடத்துகிறோம். பெண்ணை நிறுத்தி எடைபோடும் அந்தத் தராசைத் தூக்கி எறியுங்கள்! சிலம்பிலே வழக்கு வேறு. குற்றம் சாட்டப்பட்டவனை அழைத்து ஒரு சொல் கேட்காமல் கொலைக்கு அனுப்பினான் அரசன். அரசியின் சிலம்பிலே முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பிலே மணிப் பரல். அவையின் நடுவே சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள் ஒரு பெண். விசாரணையின்றித் தண்டனை கூடாது, ஆள்வோனும் அறத்திற்குக் கட்டுப்பட்டவன் என்னும் குடிமையியல் பாடமன்றோ அது! மாணவனே, உன் மன்றத்தில் அதைப் பேசு. இலக்கியமும் வாழும், சட்டமும் விளங்கும்.

“பள்ளிப் பிள்ளைகளிடம் சாதியைப் பேசலாமா? பேசினால் வளருமே!” என்று பதறுவர் சில பெரியவர்கள். ஐயா, நீங்கள் பேசாதிருந்தபோது அது தேய்ந்தா போயிற்று? மாணவன் மணிக்கட்டிலே வண்ணக் கயிறாய் ஏறி உட்கார்ந்துகொண்டதே! 2023 ஆகத்தில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டனர். உடன் பயின்ற மாணவர்களே வெட்டினர் என்பது வழக்கு. அதன் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. கயிறும் மோதிரமும் சாதி அடையாளமாய்ப் பள்ளிக்குள் வரலாகாது என்றது. நல்ல பரிந்துரை, வரவேற்கிறோம். ஆனால் கயிற்றை அறுக்கக் கத்தரிக்கோல் போதும். கயிறு கட்டிய கருத்தை அறுக்க எந்தக் கோல் உண்டு? பேச்சு ஒன்றுதான் உண்டு. எதிர்ப்பேச்சு ஒன்றுதான் உண்டு.

அதே நெல்லைச் சீமையிலேதான் சேரன்மாதேவி இருக்கிறது. 1920களில் அங்கே பொதுப்பணம் பெற்று நடந்த குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி நடந்தது. வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து எழுந்தனர், நாடே விவாதித்தது. அன்று தட்டிலே பிரிவினை. நூறாண்டு கழித்து மணிக்கட்டிலே பிரிவினை. அந்த இரண்டையும் ஒரே கரும்பலகையில் எழுதி, ‘எது மாறியது, எது மாறவில்லை?’ என்று கேட்கும் வகுப்பு எத்தனை பள்ளியில் நடக்கிறது?

“தேர்வு கெடுமே” என்பர் இன்னும் சிலர். கெடாது! தன் தெருவிலே 17ஆம் பிரிவைத் தேடிப் பார்த்த மாணவன் அதைத் தேர்விலே மறக்கமாட்டான். உருப்போட்டவனே மறப்பான்.

என்ன செய்யலாம்? வாரத்தில் ஒரு சமூக அறிவியல் வேளையை மன்றத்திற்குக் கொடுங்கள். செயலாளரை ஆசிரியர் நியமிக்க வேண்டா. மாணவரே மறைவு வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கட்டும். தேர்தல் என்பது என்னவென்று அன்றே விளங்கும். எழுதித் தந்த உரைக்கு இடமில்லை என்று விதி செய்யுங்கள். எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள்; மாற்றான் நெஞ்சுக்குள் நுழைந்து பார்க்க மாணவன் பழகட்டும். ஊர்ப் பேச்சில் ஒருவன் பேசினால் சிரிக்காதீர்கள், அதுவும் தமிழே!

இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகனுக்கு நிகராய் மகளுக்கும் பூர்வீகச் சொத்துரிமை தரும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுதும் 2005இலும் வந்தது என்று பாடம் நடத்திய அன்றே, ‘உங்கள் வீட்டுப் பட்டா யார் பெயரில்?’ என்று கேட்டுவரச் சொல்லுங்கள். மறுவாரம் மன்றத்தில் அந்த விடைகளே விவாதம் ஆகட்டும். அக்டோபர் 2இல் கிராமசபை கூடினால் மாணவரை அழைத்துச் சென்று காட்டுங்கள். யார் நாற்காலியில் அமர்ந்தார், யார் நின்றார், யார் வாய் திறக்கவில்லை என்று அவர்கள் குறித்து வரட்டும். ஆயிரம் பக்கம் கற்பிக்காததை அந்த ஒரு பக்கக் குறிப்பு கற்பிக்கும்.

இது சட்டத்திற்குப் புறம்பான கலகம் அன்று. 1976இல் நிறைவேறிய 42ஆம் திருத்தம் அரசமைப்பில் 51அ பிரிவைச் சேர்த்தது. அறிவியல் மனப்பான்மையையும் ஆராயும் உணர்வையும் சீர்திருத்த நாட்டத்தையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது அது. கடமை, விருப்பப் பாடம் அன்று!

இளைஞனே, உன் பள்ளி மன்றத்தில் நாளை உன்னைப் பேச அழைப்பார்கள். எழுதித் தந்த தாளை மடித்துவிடு. உன் தெருவைப் பார், உன் கேள்வியைக் கேள். கைதட்டல் குறையலாம், குறையட்டும். கேட்டவன் ஒருவன் வீட்டுக்குப் போய்த் தன் மணிக்கட்டைத் தானே பார்த்துக்கொண்டால் போதும். மன்றம் பிறந்துவிட்டது என்போம் நாம்!