பெயர் ஒன்று, கருவி வேறு

 

சங்கரன்கோவிலில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்கிக்கொண்டிருந்தேன். முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் தம் மகனுடன் எதிரே வந்து நின்றார்.

"ஹஜ்ரத், இவன் பேஞ்சோ கற்க வேண்டுமென்று பிடிவாதமாய் நிற்கிறான். வெளியூர்க் கடையொன்றில் சொன்ன விலைக்கு இவன் தாயின் கம்மலை அடகு வைக்க வேண்டும். என்ன செய்யட்டும்?" என்றார்.

"தம்பி, எதைக் கேட்டு ஆசை பிறந்தது?" என்று மகனிடம் வினவினேன்.

"கவ்வாலி கேட்டுத்தான், ஹஜ்ரத்" என்றான்.

கடைக்காரர் காட்டியதோ அமெரிக்க ஐந்து தந்தி பேஞ்சோ!

முதலில் ஒன்று சொன்னேன். நரம்பிசைக் கருவிகள் கூடாது என்பதே நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. தடுக்கும் ஆதாரங்கள் வலுவற்றவை என்றார் ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம். உங்கள் இல்லம் எந்தக் கருத்தைப் பின்பற்றுகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கூடாது என்போருக்குத் தஃப் இருக்கிறது. மரவளையத்தில் தோல் போர்த்திய எளிய பறை, செலவும் சொற்பம். திருமணங்களில் அதற்கு அனுமதி உண்டு என்பது யாவரும் அறிந்ததே.

இனிக் கருவிகளின் வேறுபாட்டைக் காண்போம். கவ்வாலிக் குழுக்களில் பேஞ்சோ எனப்படுவது புல்புல்தாரா. 1912ஆம் ஆண்டு ஜப்பானின் நகோயா நகரில் மோரிதா கோரோ உருவாக்கிய தைஷோகோட்டோ என்னும் கருவியே இதன் மூலம். நீண்ட பெட்டி, அதன்மேல் தட்டச்சுப்பொறி போன்ற கட்டைகள். இடக்கையால் கட்டையை அழுத்தி, வலக்கையால் தந்தியை மீட்ட வேண்டும். விரல்நுனி தந்தியில் பதிய வேண்டாமாதலால் சிறுவர்க்கும் எளிது. மின்இணைப்புள்ள வகை மேடைக்கு ஏற்றது. ஒலிபெருக்கிச் செலவும் சேருமாதலால் கற்பவருக்கு வேண்டியதில்லை.

அமெரிக்க பேஞ்சோவோ, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட மக்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்த கருவியின் வழித்தோன்றல். அம்மக்களுள் முஸ்லிம்களும் பலர் இருந்தனர் என்பது நெஞ்சை உருக்கும் வரலாறு. அதில் முதுகு திறந்த வகை எடை குறைந்தது, ஒலி மென்மையானது, விலையும் பெரும்பாலும் குறைவு. வீட்டில் வாசிக்கப் போதும். பின்புறம் மூடியுள்ள வகை கனமானது. உரத்து ஒலிப்பதால் குழுவோடு வாசிப்போர்க்கு உரியது. நான்கு தந்தி டெனார் வகையின் கழுத்து குட்டையானது. சிறிய கைக்கு ஏற்றது. ஆறு தந்தி வகை கிடார் பழகியவர்க்கே பொருந்தும்.

வாங்குமுன் ஒவ்வொரு கட்டையையும் அழுத்திப் பாருங்கள். ஒலி அதிர்ந்து கரகரத்தால் வேண்டாம். சுருதி சேர்த்துச் சற்று நேரம் கழித்தும் நிலைக்கிறதா என்று கவனியுங்கள். மாற்றுத் தந்தி அருகிலேயே கிடைக்குமா என்றும் கேளுங்கள். மெருகுக்கும் சித்திர வேலைக்கும் கொடுக்கும் பணம் ஓசையைக் கூட்டாது.

தந்தையும் மகனும் வீட்டாரோடு கலந்து, எளிய புல்புல்தாரா ஒன்றைப் பழையதாக வாங்கினர். ஓதுதலும் பள்ளிப் பாடமும் முடிந்த பிறகே அதைத் தொடுவது என்பது நிபந்தனை. கம்மல் அடகுக்குப் போகவில்லை.

பிள்ளையின் ஆசையை அலட்சியம் செய்யவும் வேண்டாம். அதற்காகக் கடனில் விழவும் வேண்டாம். அவன் கேட்பது எது என்று பொறுமையாய் விசாரித்தாலே பாதிச் செலவு மிஞ்சும். நம் பொருளையும் பொழுதையும் நல்வழியில் செலவிட வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.