சவரக் கத்தியும் சன்னக் குரலும்

டிம் பர்ட்டன் இயக்கிய 'ஸ்வீனி டாட்' (2007) படத்தில், நீதிபதி டர்பின் நாவிதர் டாடின் கடை நாற்காலியில் சாய்ந்து கழுத்தை நீட்டியபடி இருக்கிறார். டாடின் மனைவியைச் சீரழித்து, டாடைப் பொய் வழக்கில் நாடு கடத்தியவர் இவர்தான். பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்தத் தொண்டை டாடின் கத்திக்கு எட்டியிருக்கிறது. உடனே அறுத்திருக்கலாம். டாட் பாடத் தொடங்குகிறார். நீதிபதியும் சேர்ந்துகொள்கிறார். பெண்களின் அழகைப் பற்றி இருவரும் குழைந்து குழைந்து பாடும் 'ப்ரிட்டி விமன்' பாடலின் ஒவ்வொரு சுற்றும் கொலையைத் தள்ளிப்போடுகிறது. மெட்டு இனிக்க இனிக்கப் பார்ப்பவருக்கு வயிற்றைப் பிசைகிறது. கடைசியில் ஆந்தனி என்ற வாலிபன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வர, இரை தப்பிவிடுகிறது. திகில் படத்தில் பாட்டு என்பது மூச்சு வாங்கிக்கொள்ளத் தரும் இடைவேளை என்று நம்பும் இயக்குநர்கள் இந்தக் காட்சியைப் பாடமாகவே படிக்கலாம். இங்கே பாட்டை எடுத்துவிட்டால் பதற்றமும் போய்விடும்.

கதை பழையது. 1846-47இல் லண்டனில் மலிவுப் பதிப்புத் தொடராக வந்த கொலைகார நாவிதன் கதைக்கு, பழிவாங்கும் காரணத்தைக் கொடுத்தது கிறிஸ்டஃபர் பாண்ட் 1973இல் எழுதிய நாடகம். அதிலிருந்து ஸ்டீபன் சோந்தைம் இசையும் பாடல்களும், ஹியூ வீலர் வசனமும் எழுத, ஹால் பிரின்ஸ் இயக்கத்தில் 1979இல் பிராட்வேயில் இசைநாடகம் அரங்கேறி எட்டு டோனி விருதுகளைப் பெற்றது. சோந்தைம் சிறுவயதில் பார்த்து மயங்கிய படம் 'ஹேங்ஓவர் ஸ்கொயர்' (1945). அதன் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன், பின்னாளில் 'சைக்கோ'வுக்கு இசையமைத்தவர். ஆக, திகில் சினிமாவின் இசையிலிருந்து மேடைக்குப் போன ஒரு படைப்புதான் 2007இல் மீண்டும் திரைக்கு வந்தது.

பர்ட்டன் எடுத்த முதல் முடிவு குரலைப் பற்றியது. மேடையில் டாட் வேடம் கனத்த, பயிற்சி பெற்ற ஆண்குரலுக்கு உரியது. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். ஜானி டெப்போ அப்படிப்பட்ட பாடகர் அல்லர். 1990இல் வந்த 'க்ரை-பேபி'யில் அவருக்கு வேறொருவர்தான் பாடினார். டாடின் கூட்டாளி திருமதி லவெட்டாக வரும் ஹெலனா பான்ஹம் கார்ட்டரும் இசைநாடகப் பாடகி அல்லர். இருந்தும் இருவரும் தங்கள் சொந்தக் குரலிலேயே ஒலிப்பதிவுக் கூடத்தில் முன்கூட்டிப் பாடி, படப்பிடிப்பில் அதற்கு வாயசைத்தார்கள். பின்னணிப் பாடகரின் முழுக்குரலுக்கு வாயசைத்தே பழகிய தமிழ்த் திரையுலகுக்கு இது கவனிக்க வேண்டிய நடுவழி: பதிவின் துல்லியமும் கிடைக்கிறது, நடிகரின் மூச்சும் பாட்டில் இருக்கிறது.

அந்த மூச்சுதான் படத்தின் பெரிய பலம். பல ஆண்டுகளுக்குப் பின் தன் வெள்ளிக் கத்திகளைக் கையில் எடுக்கும் டாட், அவற்றிடம் பாடுகிறார் என்பதைவிட முணுமுணுக்கிறார் என்பதே பொருந்தும். ஒளிப்பதிவாளர் டேரியஸ் வோல்ஸ்கியின் கேமரா முகத்தருகே நிற்பதால் குரலை உயர்த்த வேண்டிய தேவையே இல்லை. கதாபாத்திரம் ஏன் திடீரென்று பாடுகிறது என்ற பழைய கேள்வி எழவே எழாது. மனத்துக்குள் ஓடுவதை நாம் ஒட்டுக்கேட்பது போலிருக்கிறது. இதற்கு அடியில் ஜானதன் ட்யூனிக் விரித்தெழுதிய பெரிய வாத்தியக்குழு பொங்குகிறது. சன்னக் குரல், பெருங்கடலாக வாத்தியம்: ஒலிக்கலவை செய்பவர்களுக்கு இந்த விகிதமே ஒரு தனி வகுப்பு.

டான்டே ஃபெரெட்டியும் ஃபிரான்செஸ்கா லோ ஸ்கியாவோவும் கலை இயக்கத்துக்கான ஆஸ்கர் வாங்கியதில் வியப்பில்லை. நிறம் வடிந்துபோன லண்டனில் ரத்தம் மட்டும் சாயக்குடத்தைக் கவிழ்த்ததுபோல் பீறிடுகிறது. அது நிஜ ரத்தம்போல் தோன்றக்கூடாது என்பதே நோக்கம். மிகையான இசைக்கு மிகையான சிவப்பு.

இவை எல்லாம் ஒன்றுகூடும் இடம் 'ஜொஹானா' பாடலின் இரண்டாம் வருகை. கைக்குழந்தையாக இருந்தபோது பிரிந்த மகள் ஜொஹானாவை எண்ணி டாட் உருகிப் பாடுகிறார். பாடியபடியே வாடிக்கையாளர்களின் கழுத்தை ஒவ்வொன்றாக அறுக்கிறார். மிதியை அழுத்தியதும் நாற்காலி கவிழ்கிறது. உடல் கீழே போய்த் தலைகுப்புற மோதுகிறது. தெருவில் ஆந்தனி தன் காதலியான அதே ஜொஹானாவைத் தேடி அலைகிறான். பிச்சைக்காரி புகைபோக்கியைக் காட்டிப் புலம்புகிறாள். மனைவி, குழந்தையோடு வந்த ஒருவரை மட்டும் டாட் உயிரோடு அனுப்புகிறார். மெட்டில் ஒரு சுருதி பிசகவில்லை, டாடின் முகத்தில் ஒரு கோடு மாறவில்லை. பாசமும் கசாப்பும் ஒரே மூச்சில் நடப்பதுதான் இந்தக் கதையின் பயங்கரம் என்றால், அதை மேடையைவிடத் திரை கூர்மையாகச் சொல்லிவிட்டது. படத்தொகுப்பாளர் கிறிஸ் லெபென்சான் மெட்டின் வெட்டுக்கும் காட்சியின் வெட்டுக்கும் நடுவே விட்டிருக்கும் சிறு இடைவெளிகளை எடிட்டிங் மேசையில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது நல்லது.

இனிக் குறைகள். பலம் எங்கிருந்து வந்ததோ, பலவீனமும் அங்கிருந்துதான் வருகிறது.

மேடையில் இந்தக் கதையைச் சொல்வது ஊர். கோரஸ் கூடி நின்று டாடின் கதையைப் பாடித் தொடங்கும்; நடுநடுவே வந்து எச்சரிக்கும்; முடிவில் டாட் எங்கேயும் இருக்கலாம் என்று பார்வையாளரை நோக்கியே கைநீட்டும். ஹால் பிரின்ஸின் மேடையமைப்பு ஒரு பழைய இரும்பு வார்ப்பாலை. ஆலைச் சங்கு காதைக் கிழிக்கும். மனிதரை அரைத்துத் தின்னும் தொழில் நகரம் என்ற வாதம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டியது. பர்ட்டன் அந்தக் கோரஸை முற்றிலும் நீக்கிவிட்டார். கிறிஸ்டஃபர் லீ உள்ளிட்டோர் பாடிப் பதிவு செய்த பகுதிகளும் படத்தில் இடம்பெறவில்லை. தொடக்கப் பாடலின் மெட்டு எழுத்தோட்டத்தில் வெறும் வாத்தியமாக ஒலிக்கிறது. திருமதி லவெட்டின் கடையில் ஊரே திரண்டு மனித இறைச்சி அடைத்த 'மீட் பை'களை ருசித்துப் பாடும் பாட்டில், படத்தில் ஊருக்குக் குரலே இல்லை. தின்கிறார்கள், அவ்வளவுதான். சமூகத்தின் மீதிருந்த குற்றச்சாட்டு ஒரு தனிமனிதனின் துயரமாகச் சுருங்கிவிட்டது. எல்லாரையும் கொல்வேன் என்று டாட் வெறியேறும் 'எபிஃபனி' பாடலில் அவர் தெருவில் இறங்கி ஆட்களிடையே நடக்கிறார்; யாரும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கற்பனைக் காட்சி என்ற அளவில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஆட்களும் பொம்மைகளாகவே நிற்கிறார்கள்.

அடுத்து, சிரிப்பு. எந்தத் தொழில்காரரின் இறைச்சி எப்படி ருசிக்கும் என்று டாடும் லவெட்டும் போட்டிபோட்டுக் கதைக்கும் 'எ லிட்டில் ப்ரீஸ்ட்' மேடையில் முதல் பாதியின் உச்சம். அரங்கம் சிரித்து ஓயாது, சிரித்ததற்காகவே கூசும். லவெட்டாக ஏஞ்சலா லான்ஸ்பரி கொடுத்த கொச்சையான உற்சாகம் அந்தப் பாட்டின் உயிர். படத்தில் இருவரும் ஜன்னல் வழியே வெளியே பார்த்துச் சோர்ந்த குரலில் பாடுகிறார்கள். சில அடிகளும் குறைக்கப்பட்டுள்ளன. கிசுகிசுப்பு துயரத்துக்குப் பொருந்தும், நையாண்டிக்குப் பொருந்தாது. கார்ட்டரின் லவெட் ஏக்கத்தில் வெல்கிறார். கடலோரத்தில் குடும்பமாக வாழக் கனவு காணும் வண்ணக் காட்சியில் டெப்பின் உம்மணாமூஞ்சி தரும் சிரிப்புதான் மிச்சம்.

இளம் காதலர்கள் பெயருக்குத்தான் இருக்கிறார்கள். ஜொஹானாவின் கதை நடுவழியில் கைவிடப்படுகிறது. கடைசிச் சட்டகத்தில் அவள் நினைவே வருவதில்லை. தொடக்கத்தில் கேமரா லண்டன் சந்துகளில் பாய்ந்தோடும் கணினிக் காட்சியோ, ஃபெரெட்டி கட்டியெழுப்பிய உலகத்துக்குள் வீடியோ விளையாட்டு புகுந்ததுபோல் துருத்துகிறது.

படம் வணிகத்தில் தோற்கவில்லை. சுமார் 5 கோடி டாலரில் உருவாகி உலகெங்கும் 15 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, கோல்டன் குளோபும் வென்றது. ஆனால் முன்னோட்டங்கள் இது பாடல்களால் ஆன படம் என்பதை மறைக்கவே முயன்றன. பாட்டுக்கு வெட்கப்படும் விளம்பரத்தைப் பாட்டையே நம்பி எடுத்த படத்துக்குச் செய்தது தயாரிப்புத் தரப்பின் கோழைத்தனம்.

இசையோடு திகிலைக் கலக்க நினைக்கும் இயக்குநர்களுக்கும் ஒலிப்பொறியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜார்ஜ் ஹெர்னும் லான்ஸ்பரியும் நடிக்க, 1982இல் தொலைக்காட்சிக்காகப் பதிவான மேடை வடிவம் பார்க்கக் கிடைக்கிறது. அதையும் பர்ட்டனின் படத்தையும் பாடல் பாடலாக எதிரெதிரே வைத்துப் பாருங்கள். 'ஜொஹானா'வைப் படத்திடமிருந்தும், 'எ லிட்டில் ப்ரீஸ்ட்'டை மேடையிடமிருந்தும் கற்றுக்கொள்ளுங்கள்.